எல்லாம் தெரிந்ததுதானே? - சமூகவியல் கேள்வி பதில்

கேள்வி: சமூகவியல் என்பது எங்கள் பாட்டி திண்ணையில் சொன்னதைப் பட்டம் வாங்கிக்கொண்டு சொல்வதுதானே?
- திண்ணை வீட்டுக்காரர், கும்பகோணம்

பாட்டியிடமே கேட்டுவிடுவோம். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கச் சிப்பாய்களிடம் பெரிய அளவில் ஆய்வு நடந்தது. தெரியவந்தவை இவை: படித்த சிப்பாய்க்குப் படிக்காதவரைவிட மனத்தொல்லை அதிகம். கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்துப் பிள்ளைகளைவிட உற்சாகமாக இருந்தார்கள். நாட்டின் தென்பகுதிக்காரர்கள் பசிபிக் தீவுகளின் வெக்கையை வடபகுதிக்காரர்களைவிட நன்றாகத் தாங்கினார்கள்.

"இதுக்கு ஆராய்ச்சி வேறயா? படிச்சவன் யோசிச்சு யோசிச்சே கெடுவான்" என்கிறாரா பாட்டி? மேலே உள்ள மூன்றும் பொய். ஆய்வில் வந்தது நேர் எதிர். 1949-ல் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் தன் வாசகர்களை இப்படித்தான் கவிழ்த்தார். உண்மையை முதலிலேயே சொல்லியிருந்தால் பாட்டி அதற்கும் தலையாட்டியிருப்பார்: "படிச்சவன் சமாளிச்சுக்குவான், தெரிஞ்சதுதானே!" எதைச் சொன்னாலும் தெரிந்ததாகவே தோன்றுவதால்தான், போய் எண்ணிப் பார்க்க ஒரு ஆள் தேவைப்படுகிறது.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு வந்த மொய்யை உடனே அவரவருக்குத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம் என்றேன். "மானம் போயிடும்" என்கிறாள் மனைவி. கடன்பட்டிருப்பதா மானம்?
- மொய் நோட்டும் கையுமாக, பட்டுக்கோட்டை

இந்த இடத்தில் பாட்டிகள் கட்சி ஜெயிக்கிறது. உங்கள் மனைவி சொன்னதை பிரான்ஸின் மார்செல் மோஸ் 1925-ல் நீளமாக எழுதி வைத்தார். அன்பளிப்பு என்பது பார்க்கத்தான் மனமுவந்து தருவது. உள்ளே மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன. கொடுத்தே ஆக வேண்டும், வாங்கியே ஆக வேண்டும், திருப்பியே ஆக வேண்டும்.

எப்போது திருப்புவது என்பதைப் பின்னால் வந்த பியர் பூர்தியு பிடித்துக்கொண்டார். வாங்கிய கையோடு அதையே திருப்பினால் அது முகத்தில் எறிவது. காலம் கடந்தும் திருப்பாவிட்டால் துரோகம். நடுவில் "அவங்க வீட்டு விசேஷம் எப்போ வரும்?" என்று காத்திருக்கிறோமே, அதற்குப் பெயர்தான் உறவு. கணக்கைப் பைசா பாக்கியின்றித் தீர்ப்பது, இனிமேல் உன் வாசலுக்கு வரமாட்டேன் என்று சொல்வது.

அதுவும் உங்கள் பக்கத்திலிருந்தா இந்தக் கேள்வி! பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் கல்யாணமும் இல்லாமல் காதுகுத்தும் இல்லாமல் மொய் வாங்குவதற்கென்றே விருந்து நடக்கிறது. பல பேர் சேர்ந்து ஒரே பந்தல், கறிச்சோறு, ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு நோட்டு. வட்டியில்லாத கடன், பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. வசூல் அதிகாரி ஊர் வாய்தான். முன்பு வாங்கியதைச் செய்யும்போது மேலே கொஞ்சம் சேர்த்து எழுதுவதால், நேற்றுக் கடனாளி இன்று கடன் கொடுத்தவர் ஆகிறார். சங்கிலி அறுவதேயில்லை.

கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடிகளும் விருந்து வைத்துச் சொத்தை வாரி வழங்குபவர்கள். இது ஊதாரித்தனம் என்று அந்த அரசு 1885 முதல் 1951 வரை சட்டம் போட்டே தடுத்தது. ஊதாரித்தனமாகத் தெரிந்தது உண்மையில் அவர்களுடைய அந்தஸ்தும் உறவும் எழுதப்படும் பேரேடு என்று மோஸ் போன்றவர்கள் சொல்லித்தான் வெளியாருக்குப் புரிந்தது. மோஸ் இதையெல்லாம் பாரிஸில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்தே எழுதினார். ஒரு ஆடி மாதம் பேராவூரணிக்கு வந்திருந்தால் இரண்டாம் பாகம் எழுதியிருப்பார்.

நீங்கள் பொறுத்திருங்கள். அவர்கள் வீட்டு விசேஷம் வரும். நூறு ரூபாய் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: லிஃப்டில் ஏறியதும் எல்லோரும் ஏன் மாடி எண்ணையே முறைக்கிறார்கள்?
- ஏழாவது மாடிக்காரர், சென்னை

"நீங்கள் இருப்பதைப் பார்த்துவிட்டேன், ஆனால் துருவமாட்டேன்" என்று காட்டும் நகர மரியாதை அது. எர்விங் கோஃப்மன் 1963-ல் இதை எழுதினார். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் இது செல்லாது. அங்கே எந்த ஊர், எத்தனை பிள்ளை, மூத்தவனுக்கு என்ன சம்பளம் என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

ரயிலில் வேறு கதை. எதிர் சீட்டுக்காரரிடம், மனைவிக்கும் சொல்லாததைச் சொல்கிறோம். 1908-லேயே கியோர்க் சிம்மல் காரணம் சொல்லிவிட்டார்: அந்நியன் நம் ஊர்க் கணக்கில் இல்லாதவன். விழுப்புரத்தில் இறங்கிவிடுவான், ரகசியமும் அவனோடு இறங்கிவிடும்.

கேள்வி: விருந்தாளி வந்தால் என் கணவர் குரலில் தேன் வழிகிறது. அவர்கள் போனதும் பழைய குரல். எது அசல்?
- இரண்டையும் கேட்பவர், ஈரோடு

இரண்டும். மறுபடியும் கோஃப்மன்தான், அவரை விட்டால் இந்தப் பகுதியே ஓடாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் தங்கியிருந்தபோது ஒரு ஹோட்டலின் சமையலறையை அவர் கவனித்தார். கொதிக்கும் கெட்டில் மேல் ஈரக் காலுறைகள் காய்ந்தன. விருந்தினர் மிச்சம் வைத்த வெண்ணெயை உருட்டி மறுபடியும் புதுசாக்கினார்கள். கதவுக்கு அந்தப் பக்கமோ ஒரே பணிவு, ஒரே புன்னகை. வாழ்க்கை முழுக்க மேடையும் மேடைக்குப் பின்புறமும்தான் என்றார்.

உங்களிடம் வேஷம் தேவையில்லை என்று கணவர் நினைக்கிறார். பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் தேன் கையிருப்பில் இருப்பது தெரிந்துவிட்டதே, கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

கேள்வி: சித்தப்பா, மாமா எல்லாம் பெரிய பதவியில் இருந்தும் பலனில்லை. எப்போதோ டீக்கடையில் பழகியவர் சொல்லி வேலை கிடைத்தது. விதியா?
- புதிதாகச் சம்பளம் வாங்குபவர், திருச்சி

கணக்கு. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில் மார்க் கிரானவெட்டர் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 56. அபூர்வமாகச் சந்திப்பவர்கள் 28. சித்தப்பாவுக்குத் தெரிந்த சேதி உங்களுக்கும் தெரிந்திருக்கும். புதுச் சேதி வெளி ஆளிடமிருந்துதான் வரும். இதைச் சொன்ன கட்டுரையை முதலில் ஒரு ஆய்விதழ் நிராகரித்தது. 1973-ல் வேறு இதழில் வந்து, சமூகவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்றானது.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் டீக்கடைகளே சாதிக்கு ஒரு குவளை வைத்திருந்தவை. யாரோடு பெஞ்சில் உட்கார முடிகிறது என்பதும் பாதி விதிதான், மனிதர்கள் எழுதிய விதி.

கேள்வி: காதலுக்குக் கண் இல்லையாமே?
- இன்னும் சொல்லாதவர், மதுரை

கண் இல்லை, ஆனால் சாதிச் சான்றிதழை எப்படியோ வாசித்துவிடுகிறது. இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011-12 சுற்றுப்படி, சாதி மாறி நடந்த திருமணங்கள் நூற்றுக்குச் சுமார் 5.

கேள்வி: நானும் வீட்டு வேலை செய்கிறேன் என்றால் மனைவி சிரிக்கிறார். ஏன்?
- குக்கர் விசிலை எண்ணுபவர், கோவை

நாட்டின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வைப் படித்திருப்பார். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். செலவழித்தது சராசரி 97 நிமிடம். பெண்கள் நூற்றுக்கு 81 பேர், 299 நிமிடம். விசில் எண்ணுவதை எந்த வரிசையில் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: செலவில்லாமல் வீட்டிலேயே ஒரு சமூகவியல் சோதனை செய்ய வழி உண்டா?
- விடுமுறையில் இருப்பவர், நெல்லை

உண்டு. ஹெரால்ட் கார்ஃபிங்கல் தன் மாணவர்களை அவரவர் வீட்டில் 15 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை வாடகைக்குத் தங்கியிருப்பவரைப் போல நடக்கச் சொன்னார். கேட்டால் மட்டும் பேச்சு, பட்டும் படாத பணிவு, வேறொன்றும் கூடாது. வீட்டார் மிரண்டுபோய், உனக்கு உடம்பு சரியில்லையா, பைத்தியமா என்று கத்தினார்கள். பணிவுக்கு இவ்வளவு கோபம் வருகிறதென்றால், வீட்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம் எத்தனை இருக்க வேண்டும்!

இன்று மாலை "அம்மா, தங்களுக்குச் சிரமமில்லை என்றால் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா திருநீறு எடுத்து வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நடந்ததை மறைக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்.