நாய் வரியும் நம்ம ரோடும்

குரொய்டன், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சான் அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். மருமகள் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு எடுத்து, அதிலும் வரலாறு எடுத்துவிட்டாளாம். "செத்துப்போன ராஜாக்களைப் படிச்சிட்டு, உயிரோட இருக்கிற எவன்கிட்ட வேலை கேட்கப் போறா?" என்று பொரிந்து தள்ளியிருக்கிறார். அதே கேள்வியைப் போன வருசம் இங்கே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

என் மகளும் வரலாறுதான். இங்கே உயர்தர வகுப்புக்குச் சிக்ஸ்த் ஃபோர்ம் என்று பெயர். நம்மைப் போலவே இரண்டு வருசம், மூன்று பாடம். பெற்றோரைக் கூப்பிட்ட அன்று வரலாற்று ரீச்சரிடம், "இதைப் படித்தால் என்ன பலன்?" என்றேன். "எதையும் அப்படியே நம்ப மாட்டாள்" என்றார். அந்தப் பலனை அன்றிலிருந்து வீட்டில் அனுபவிக்கிறேன். "நாங்கெல்லாம் அஞ்சு மைல் நடந்து பள்ளிக்கூடம் போனோம்" என்று வழக்கம்போல் ஆரம்பித்தால், "வேற சாட்சி இருக்கா அப்பா?" என்கிறாள். அக்கா, கேட்டால் நீ வாயைத் திறக்காதே. பள்ளிக்கூடம் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் இருந்தது நம்மோடு போகட்டும்.

எட்டாம் ஹென்றியின் ஆறு பெண்டாட்டிகளையும் வரிசை பிசகாமல் சொல்கிறாள். நம் பெரியம்மா மகன் அவளுக்கு என்ன முறை என்றால் முழிக்கிறாள்.

நாம் படித்தது ஞாபகம் இருக்கிறதா? சேர் நோட்ஸ் சொல்லச் சொல்லக் கை வலிக்க எழுதினோம். "1848 மாத்தளைக் கலகத்துக்கான காரணங்கள் ஐந்து தருக." நாய்க்கு ஒரு ஷில்லிங் வரி, துவக்குக்கு இரண்டரை ஷில்லிங், ரோடு போட வருசத்துக்கு ஆறு நாள் வேலை, முடியாதென்றால் மூன்று ஷில்லிங்... தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். இங்கே காரணத்தோடு விடுவதில்லை. ஒரு பழைய கடிதத்தைக் கையில் கொடுத்து, "இதை எவ்வளவுக்கு நம்பலாம்?" என்று கேட்கிறார்கள். நம் வீட்டில் அந்தக் கேள்வியைக் கடைக்காரர் தந்த பற்றுக் கொப்பியிடம் மட்டும்தான் கேட்டிருக்கிறோம்.

மொத்தப் புள்ளியில் ஐந்தில் ஒரு பங்கு, பிள்ளை தானே தேடி எழுதும் கட்டுரைக்கு. "உங்க மாத்தளையில ஏதாவது நடந்திருக்கா?" என்றாள். எனக்கு வந்த ரோசத்தில் அலுவிகாரையும் சிகிரியாவும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. "கலகத்துக்குத் தலைவனா முடிசூட்டின கொங்காலேகொட பண்டாவை வெள்ளைக்காரன் பிடிச்சதே எங்க எல்கடுவையிலதான்" என்றேன். அவளுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனேன். உள்ளே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் காவலர் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தங்கம் பிடித்த மாதிரி பிடித்தார். இலங்கை ஆளுநர்கள் எழுதிய கடிதங்கள் சி.ஓ. 54 என்ற இலக்கத்தில் அடுக்கடுக்காக இருக்கின்றன. கலகத்தின்போது ஆளுநராக இருந்த டொரிங்டன் பிரபு காலத்துக் கட்டைப் பிரித்தால், கையெழுத்து நம் டாக்டரின் மருந்துத் துண்டுதான். ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். நடுவில் நம் ஊர்ப் பெயரைக் கண்டதும் "மாத்தளை!" என்று கத்திவிட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மகள் இரண்டு கதிரை தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

வரும்போது ரயிலில், "நாய் வரி போட்டவங்க இங்கேயும் 1987 வரைக்கும் நாய்க்கு லைசன்ஸ் வச்சிருந்தாங்களாம்" என்று சிரித்தவள், சட்டென்று கேட்டாள்: "1848-ல நம்ம ஆளுங்க எங்கே இருந்தாங்க?"

ஐந்து காரணத்தையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் நாம் இல்லை. கலகம் நடந்த அதே காலத்தில்தான் அக்கா, இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் சனம் காடு கடந்து, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிரிந்து போனது. கொலராவில் வழியிலேயே விழுந்தவர்களும் உண்டு. பண்டா முடிசூடியதும் அதே தம்புள்ளையில்தான்.

2023-ல், நம் சனம் வந்த இருநூறு வருச நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்கள் ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் வந்து முடித்தார்களே, அன்று நீ எனக்குப் போன் பண்ணி, "ஏன்டா நம்ம ஊர்ல வந்து முடிக்கிறாங்க?" என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. உயர்தரத்தில் வரலாறு பாஸ் பண்ணிய இரண்டு பேர் நாம்.

ஆகவே மச்சானிடம் சொல், மருமகள் படிக்கட்டும். ஐந்து காரணத்தையும் பாடமாக்கட்டும், பல்கலைக்கழகம் போக இசட் புள்ளிக்கு அது வேண்டும். ஆறாவதாக, நம் ஆட்கள் வந்த வழியை அம்மாயியிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். அம்மாயிக்கு வயது எண்பத்தெட்டு. இந்த லீவிலேயே கேட்கச் சொல்.

அன்புடன்,
தம்பி

பி.கு.: பார்சலில் ஒரு டசன் பென்சில் வருகிறது, மருமகளுக்கு. மச்சான் கேட்ட போத்தல் அடுத்த தடவை.