ஃபோர்மேன் மாமாவின் வலது காது

எதிர் வீட்டில் வாஷிங் மெஷின் சத்தம் போட்டால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். ஃபோர்மேன் மாமா திறப்பார். வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காப்பி டம்ளர் பாதி வழியில் நிற்கும். வலது காது தெருப்பக்கம் திரும்பும். "பேரிங்" என்பார். யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

கோயமுத்தூரில் இந்த வகை ஆட்கள் அதிகம். மில், ஃபவுண்டரி, பம்ப்செட் பட்டறை என்று ஆயுளில் பாதியை ஓடுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கழித்தவர்கள். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் குருவிச் சத்தம் கேட்டுப் பயந்து எழுந்தவர்கள். வீட்டில் மிக்ஸி இருக்கிறதுதான். ஆனால் அது தேங்காயை அரைத்ததும் அடங்கிவிடும். ஒரு மணி நேரம் நின்று நிதானமாக, துவைக்க ஒரு சுருதி, அலச ஒரு சுருதி, பிழிய ஒரு சுருதி என்று ஓடுவது வாஷிங் மெஷின்தான். ஆகவே அவர்களுக்கு அதன் மேல் ஒரு கண். கண் அல்ல, காது.

நம் மாமா சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஸ்பின்னிங் ஃபோர்மேனாக இருந்தவர். ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலும் நிமிஷத்துக்கு 15,000 சுற்று சுற்றும். அந்த இரைச்சலில் நடந்துபோகும்போதே எந்த ஸ்பிண்டில் கெட்டிருக்கிறது என்று சொல்வாராம். சொன்னவர் அவரேதான், ஆனாலும் நம்பலாம். 1,400 சுற்று சுற்றுகிற வாஷிங் மெஷினைப் பார்த்து அவர் சொல்வது, "இதெல்லாம் ஸ்பீடா? இது நடை பழகுது."

கூப்பிட்டால் உடனே வரமாட்டார். சட்டை மாற்றுவார். பாக்கெட்டில் டெஸ்டர், கையில் மரப்பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவர், மூக்குக் கண்ணாடி. வந்து உட்கார்ந்ததும் விசாரணை.

"எப்பொ சத்தம் வருது அம்மிணி? தொவைக்கறப்பவா, தண்ணி வெளிய போறப்பவா, புழியறப்பவா?"

"அது வந்துங்ணா, கடகடன்னு வருதுங்."

"கடகடவா, கடமுடவா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்?"

"ஒண்ணா? கடகடன்னா உள்ள ஏதோ உருளுது. கடமுடன்னா துணி ஒரு பக்கமா ஒதுங்கி டிரம் போய் இடிக்குது. கரகரன்னா…" இந்த இடத்தில் குரல் தழையும். "கரகரன்னா பேரிங்."

பெரியவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்ற இரக்கத்தில் அந்தப் பெண், "அப்பப்போ கரகரன்னும் வருதுங்" என்று சொல்லிவிடும். போதும்.

பரீட்சை முறையில் குறை சொல்ல முடியாது. முதலில் மெஷினைக் காலியாக ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவர் முனையை அதன் முதுகில் வைப்பார், பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்துவார், கண்ணை மூடுவார். வீட்டில் அப்போது யாரும் இருமக்கூடாது. பிறகு ப்ளக்கைப் பிடுங்கச் சொல்வார். அதில் அவர் ரொம்பக் கண்டிப்பு. சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும். கதவைத் திறந்து டிரம்மின் உதட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஆடினால் ஸ்பிரிங்கின் வேலை, அது இயல்பு. டிரம் மட்டும் தனியே லொடலொடத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் பின்பக்கம் பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றுவார். அப்போதும் கரகரத்தால் குற்றவாளி பேரிங். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட்டையும் மோட்டாரையும் விசாரிக்க வேண்டும். கழற்றின ஸ்க்ரூக்களை தினசரித்தாள் மேல் வரிசையாக, கழற்றின இடம் மாறாமல் அடுக்குவார். தாள் பறக்கக்கூடாது என்பதால் ஃபேன் நிறுத்தப்படும். மே மாதத்தில் மெஷின் கெட்டால் அந்த வீடு அனுபவிக்க வேண்டியதுதான்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையனும் தப்பமுடியாது. "இங்க வா சாமி. பேரிங்ல 6205ன்னு போட்டிருக்கும். கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கு. எத்தன? இருவத்தஞ்சு. அதான் ஷாஃப்ட்டோட கனம், மில்லிமீட்டர்ல. 6206ன்னா?" பையன் முப்பது என்பான். மாமா நெகிழ்ந்துபோவார். சொந்தப் பேரன் பிறந்த தேதி அவருக்கு ஞாபகமில்லை.

இத்தனை ஞானம் இருந்தும் அவரிடம் உள்ள ஒரே கோளாறு, சின்ன வியாதி பிடிக்காது என்பதுதான். மெஷினின் நான்கு கால்களில் ஒன்று தரையைத் தொடாமல் இருக்கலாம். ஒரே ஒரு கம்பளியைப் போட்டு அது தண்ணீர் குடித்து ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கலாம். இதெல்லாம் அவருக்குக் கௌரவக் குறைவு. ஒரு வீட்டில் புது மெஷின் முதல் நாளே பிழியும்போது குதித்துக் குதித்துக் கதவு வரைக்கும் வந்துவிட்டது. மாமா ரசமட்டம் எடுத்துவந்து தரையைச் சோதித்து, கட்டடம் கட்டின மேஸ்திரியைக் குற்றவாளியாக்கி முடித்தபோது, கூட வந்த அத்தை மெஷின் மேல் பிரிக்காமல் கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாள். "ஏனுங், இதுல நாலு மூடி இருக்குது. இது எங்கீங் போடறது?" மெஷினின் முதுகில் நான்கு போல்ட்டுகள் அப்படியே இருந்தன. லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கக் கம்பெனியில் முடுக்கி அனுப்புகிற போல்ட்டுகள். கழற்றிவிட்டு அந்த ஓட்டைகளுக்குத்தான் மூடி.

அத்தை எந்தத் தொழிற்சாலையிலும் வேலை பார்த்ததில்லை. மாமா மெஷினைக் கேட்பார். அத்தை வீட்டைக் கேட்பாள். "ஏங்கண்ணு, உங்க வீட்டுக்காரரு சட்டைப் பாக்கெட்டைப் பாத்துட்டுத்தான போடறீங்?" என்ற ஒரே கேள்வியில் பாதி மெஷின்கள் குணமாகியிருக்கின்றன. மெஷினின் கீழ்ப்பக்கம் ஓரமாக ஒரு சின்னக் கதவு, அதற்குள்ளே தண்ணீரை வெளியேற்றும் பம்ப்பின் ஃபில்டர். திருகினால் தண்ணீர் கொட்டும். தரையோடு தரையாக இருப்பதால் வாளி நுழையாது. தாம்பாளம்தான் நுழையும், அதிலும் பூஜைத் தாம்பாளம்தான் கைக்கு அகப்படும். அழுக்குத் தண்ணீரோடு இரண்டு ரூபாய் நாணயம், கொண்டை ஊசி, ஊக்கு, கூழாகிப்போன பஸ் டிக்கெட், சட்டைப் பொத்தான் எல்லாம் தாம்பாளத்தில் வந்து விழும். மாமா நாணயத்தைத் துடைத்து உரியவரிடம் ஒப்படைப்பார். முகத்தில் மகிழ்ச்சி இருக்காது. "இன்னைக்குக் காசு. பேரிங்கும் சீக்கிரம் போயிரும், பாருங்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அது தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

ஒரு தடவை மூன்றாவது மாடி வீட்டு மெஷின், டிரம் சுற்றும்போதெல்லாம் கீச்சுக் கீச்சென்று கீறியது. மாமா டார்ச் அடித்து, கூர்மூக்குக் குறடு விட்டு, டிரம் ஓட்டை வழியாக வெகு நேரம் போராடி ஒரு கம்பியை இழுத்தார். பிறை வடிவம், இரு முனையும் மழுங்கல், நல்ல எஃகு. இது எந்தப் பாகம்? சர்வீஸ் புத்தகத்தில் பாகங்களைப் பிரித்துப் போட்ட படத்தில் தேடினார். இல்லை. வராந்தாவில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழ்வீட்டு பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினார். வாட்ச்மேனிடம் காட்டினார். "ரிட்டெய்னர் கிளிப்பா இருக்குமோ? டென்ஷன் நல்லா இருக்குது பாருங்" என்று வளைத்துக் காட்டினார். அந்த வீட்டுப் பெண் உள்ளே போய் வெகு நேரமாகியிருந்தது. படியேறி வந்த அத்தை, ஒரு பார்வை பார்த்து, கம்பியை வெடுக்கென்று பிடுங்கி முந்தானைக்குள் போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வாங்க" என்றாள். அது பெண்களின் உள்ளாடையில் வைத்துத் தைக்கிற கம்பி என்பதை வீட்டில் எப்படி விளக்கினாள் என்று தெரியாது. அந்த மாடிக்கு மாமா பிறகு லிஃப்ட்டில்கூடப் போவதில்லை.

நிஜமாகவே பேரிங் போன வீடும் ஒன்று வந்தது. அவர் காத்திருந்த நாள். துவைக்கும்போது சாது, பிழியத் தொடங்கினால் ஏரோப்ளேன். பெல்ட்டைக் கழற்றியும் கரகர. தொட்டியின் பின்னால் துரு வழிந்த தடம். ரப்பர் சீல் தேய்ந்து, சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைக் கழுவிவிட்டது. கொஞ்ச நாள் இரைந்து இரைந்து உயிர் வாழலாம், ஆனால் சாவு நிச்சயம். பேரிங்கும் சீலும் சில நூறு ரூபாய். காந்திபுரத்துக்குப் போய் வாங்கியே வந்துவிட்டார். தொட்டியைத் திறக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பாதியையும் போல்ட் போடாமல் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான். "இதுல பேரிங் மட்டும் மாத்த முடியாதுங்கய்யா. தொட்டியோடதான் வரும். அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேத்துப் போட்டா புதுசே வாங்கிரலாம்."

"தம்பி, தேயும்னு தெரிஞ்சு வெக்கறதுதான் பேரிங்கு. தேயற சாமானை ஒட்டி அனுப்பறவனுக்கு மெஷின் ஓடணும்னு எண்ணமா, விக்கணும்னு எண்ணமா?"

பையனிடம் பதில் இல்லை. எனக்கும் இல்லை. இத்தனை நாள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. வாங்கி வந்த 6205ம் 6206ம் அவர் வீட்டு ஷோகேஸில் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே புது மெஷின். பெல்ட்டே கிடையாது, மோட்டார் நேராக டிரம்மோடு பூட்டியிருக்கிறது. ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா இரண்டு நாள் அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை விரலை உயர்த்தினார்.

"கேக்குதுங்ளா மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் வேலை. எந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது, மாமனாரைத் தெரியும். காதை மெஷின் மேல் வைத்துச் சற்று நேரம் நின்றார்.

"லேசா கரகரன்னு இருக்கற மாதிரிதானுங் மாமா இருக்குது."

மகள் தலையில் அடித்துக்கொள்வதற்குள் அத்தை எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.