வலைக்காவல் குற்ற இலக்கணம்

நூலுக்குக் குற்றம் பத்து என வகுத்தார் நன்னூல் செய்த பவணந்தியார். உலாவிக்குள் இருந்துகொண்டு கள்ளத் தளங்களைத் தடுக்கும் வடிகட்டிக்கு அவற்றுள் நான்கு அப்படியே பொருந்துதலின், அந்நான்கையும் ஈண்டு விரிப்பாம். எஞ்சிய ஆறையும் வலிந்து பொருத்திக் காட்டுதல் பின்வரும் உரையாசிரியர் கடன்.

முதலாவது குன்றக் கூறல். வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி நேற்றிரவு முளைத்த தளத்தை அறியாமல் விட்டுவிடுதல். இதற்குக் காரணம் சோம்பல் அன்று. கூகுளின் சேஃப் பிரவுசிங் என்னும் வடிகட்டி தன் பட்டியலை அரை மணி முதல் ஒரு மணிக்கு ஒருமுறைதான் குரோம் உலாவிக்குப் புதுப்பித்து வந்தது. கள்ளத் தளமோ சராசரியாகப் பத்து நிமிடம்கூட இருப்பதில்லை என்று 2024இல் கூகுளே சொன்னது. பட்டியல் வந்து சேர்வதற்குள் திருடன் கடையைக் கட்டிவிடுகிறான். சரி, ஒவ்வொரு முகவரியையும் அப்போதைக்கப்போதே கேட்டுவிடலாமே எனின், யார் எங்கே போகிறார் என்பது கூகுளுக்குத் தெரிந்துபோகும். ஆகவே முகவரியைச் சங்கேதமாக்கி, அதன் முதல் சில எழுத்துகளை மட்டும், ஃபாஸ்ட்லி என்ற வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்புகிறார்கள். அவ்விருவரும் தமக்குள் கலந்து பேசாதவரை நம் அந்தரங்கம் பத்திரம் என்க.

இரண்டாவது மிகைபடக் கூறல். 2009 ஜனவரி 31 அன்று கூகுளின் ஆபத்துப் பட்டியலில் ஒரு சாய்கோடு தனியாக ஏறிவிட்டது. சாய்கோடு இல்லாத இணைய முகவரி ஏது? தேடலில் வந்த தளங்கள் அனைத்தும் 'உங்கள் கணினிக்குத் தீங்கு செய்யலாம்' என்ற முத்திரையோடு நின்றன. உலகமே குற்றவாளி ஆனதால் ஒரு மணி நேரத்திற்குள் விடுதலை கிடைத்தது. ஊறுகாய் விற்கும் ஒரே ஒரு தளம் மாட்டினால் அவ்வளவு வேகம் இராது. வாடிக்கையாளர் கண்ணில் படுவது திரை முழுக்கச் சிவப்பு. திரும்பிப் போகும் பொத்தான் எடுப்பாக, உள்ளே போகும் வழியோ 'விவரங்கள்' என்பதற்கு அடியில் ஒளிந்து. எவர் உள்ளே வருவார்? கடைக்காரர் மறு ஆய்வு கோரி மனுப் போடவேண்டும். மனுவை விசாரிப்பவரும் பிடித்தவரே.

மூன்றாவது கூறியது கூறல். அடிக்கடி எச்சரித்தால் கை தானாகவே தாண்டிப் போகப் பழகும். இதற்கு உரை வேண்டா.

நான்காவது நின்று பயன் இன்மை. 2006இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7, சந்தேகத் தளங்களில் வழியை மறிக்காமல் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு ஒதுங்கியது. கார்னெகி மெலன் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட சோதனையில் அதைப் பொருட்படுத்தியவர் அரியர். வழிமறித்த எச்சரிக்கைக்கோ பெரும்பாலோர் பணிந்தனர்.

முதலிரண்டும் ஒன்று தேய மற்றது வளரும் இயல்பின. எது பொறுக்கத்தக்கது எனின், மிகையே என்பது எம் துணிபு: மூடிய கடையைத் திறக்கலாம், போன சேமிப்பு பெரும்பாலும் திரும்பாது. ஆயினும் தண்டிப்பவர் காரணத்தை விளங்கச் சொல்லக் கடமைப்பட்டவர். சொந்தத் தளம் வைத்திருப்போர் கூகுள் சர்ச் கன்சோலில் இன்றே பதிவு செய்துகொள்க. சம்மன் அங்கேதான் வரும்.