கொஞ்சம் முருங்கை மரத்துக்கு முன்னால்

பழைய லென்ஸ்காரர் ஆளைப் படம் எடுப்பதில்லை. ஆளுக்குப் பின்னால் இருப்பதை எடுக்கிறார். "கொஞ்சம் அந்த முருங்கை மரத்துக்கு முன்னால வந்து நில்லுங்களேன்" என்று அவர் கூப்பிட்டால், உங்கள் முகத்தில் என்னவோ கண்டுவிட்டார் என்று பூரித்துப்போக வேண்டாம். அவருக்கு வேண்டியது சின்னச் சின்ன இலை, இலை இடுக்கில் புகுந்து வரும் வெயில், மரத்துக்கும் உங்களுக்கும் நடுவே நாலு எட்டு இடைவெளி. இவ்வளவும் கூடி வந்தால் அவருடைய ஹீலியோஸ் 44-2 லென்ஸ் பின்னணியைச் சுழற்றிக் காட்டும்: வெயில் புள்ளிகள் ஓரத்துக்குப் போகப் போக எலுமிச்சை விதை மாதிரி நசுங்கி, படத்தின் நடுவை வளைத்துக்கொள்ளும். அந்த நடுவில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டுமே என்பதற்காகத்தான் மாமியார், கைக்குழந்தை, வீட்டு நாய் எல்லாம். "பாட்டி கண்ணை மூடியிருக்காங்களே" என்று யாராவது சொன்னால், "அதை விடுங்க, பின்னாடி எப்படிச் சுத்துது பாருங்க!" என்பார். கல்யாண மண்டப வாசலில் கட்டிய வாழைமரம் அவருக்கு ஆகாது, இலை பெரிசு. அதனால் மாலையும் கழுத்துமாக நிற்கும் மணமக்களை வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போவார். அங்கேதான் வேப்பமரம் இருக்கிறது.

இதற்கு அவர் சொல்லும் காரணம், "புது லென்ஸ்ல உயிரே இல்லை சார்." அந்த உயிர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியின் ஜெய்ஸ் நிறுவனத்தில் வில்லி மெர்ட்டே வகுத்த பயோடார் லென்ஸ்தான் ஹீலியோஸுக்கு மூலம். போருக்குப் பின் சோவியத் தொழிற்சாலைகள் அதைத் தங்கள் வழியில் செய்து தள்ளின. அங்கே யாரும் பின்னணி சுழல வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போடவில்லை. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து வைத்தால் சாய்வாக வரும் ஒளியின் ஒரு பகுதியை லென்ஸின் விளிம்பே வெட்டிவிடுகிறது, ஃபோகஸ் தளமும் வளைந்து கிடக்கிறது. அந்தக் காலத்தில் அது விட்டுப்போன குறை. அந்தக் குறையை நீக்கப் பின்னால் வந்த பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நம்மவரோ அவர்கள் செய்த கேமராவை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி, கூட வந்த கிட் லென்ஸைத் தொடக்கூட அருவருத்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, ஹீலியோஸை மாட்டுகிறார். ஜெனித் கேமராவோடு கடையில் சேர்த்துக் கொடுத்த கிட் லென்ஸ்தான் ஹீலியோஸும் என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை.

விலை குறைவு என்பார். ஒன்றோடு நிறுத்தினால் உண்மைதான். லென்ஸின் 42 மில்லிமீட்டர் மரைக்கும் சோனி கேமரா உடலுக்கும் நடுவே வேண்டியது கண்ணாடியே இல்லாத வெறும் உலோகக் குழாய். அடாப்டர் என்ற பெயரில் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் நின்றவர் யார்? அடுத்து டக்குமார் என்ற இன்னொரு பழைய லென்ஸ் வரும். அதில் தோரியம் கலந்த கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கும். அதை வெளுக்க வைக்க மொட்டை மாடியில் வடாம் காயும் இடத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைப்பார். பூஞ்சை பிடித்த லென்ஸ்களின் கதையை இங்கே எடுக்க வேண்டாம்.

கையால் திருகி ஃபோகஸ் செய்தால் நிதானம் வருகிறது, யோசித்து எடுக்கிறோம் என்ற வாதம் மட்டும் கொஞ்சம் கனமானது. அவர் திருகு திருகென்று திருகும்போது, எதிரே நிற்பவரின் போட்டோச் சிரிப்பு மெல்லக் கரைந்து நிஜ முகம் வெளியே வருவது உண்மை. அந்த முகத்தை அவர் பிடித்துவிட்டால் கையெடுத்துக் கும்பிடலாம். பல சமயம் அதற்குள் வளையம் ஒரு நூல் தாண்டிவிடும். மேலும், அந்தக் காலத்துக்காரர்கள் இப்படி முழுதாகத் திறந்து வைத்தே எடுக்கவில்லை. 44-2-இல் அப்பர்ச்சருக்கு இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்று எல்லையைக் குறித்துவைக்க. மற்றது அந்த எல்லைவரை திறந்து மூட. திறந்து வைத்துப் பார், மூடிவிட்டு எடு என்று லென்ஸே கற்றுக்கொடுக்கிறது. அவர் முதல் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டார். அப்பர்ச்சரை 8-க்கு மூடினால் ஹீலியோஸ் நல்ல கூர்மையான லென்ஸ். ஆனால் சுழல் காணாமல் போய்விடும். எந்த லென்ஸில் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. கேமராவுக்கும் தெரியாது, படத்தோடு அது பதிந்துவைக்கும் விவரங்களில் அப்பர்ச்சர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணே இருக்காது. ஆக, அவருக்குப் பிடித்தது லென்ஸ் அல்ல, அதன் கோளாறு. லென்ஸின் நல்ல குணம் இன்னும் பிரிக்காத பொட்டலமாகக் கிடக்கிறது.

அவர் தோட்டத்துச் செம்பருத்தியை எப்படியும் எடுத்துக்கொள்ளட்டும். காதுகுத்தில் மாமா மடியில் குழந்தை வீறிடுவது ஒரே ஒரு தடவை. மூன்று வரிசையாக நிற்கும் குடும்பத்தில், பட்டுப்புடவை கட்டி வெயிலில் காத்திருந்த பின்வரிசை அத்தைகளும் முகத்தோடு படத்தில் வர ஆசைப்படுவார்கள். அந்த ஒரு குரூப் போட்டோவுக்காவது வளையத்தை 8-க்குத் திருப்புங்கள் ஐயா. 16 வரை இருக்கிறது.