பிரேக் போட்டுக் காட்டுபவர்

அவருடைய காரில் ஏறிய யாரும் அந்தச் செயல்விளக்கத்திலிருந்து தப்பியதில்லை. ஒரகடம் கூட்டுச்சாலையைத் தாண்டி வண்டி வாலாஜாபாத் பக்கம் திரும்பும். சாலை அகலமாகும். முள் அறுபதைத் தொடும். "கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று குரல் வரும். அது முடிவதற்குள் நம் நெற்றி டேஷ்போர்டை நலம் விசாரிக்கப் போயிருக்கும். நின்றதும் திரும்பி நம் முகத்தைப் பார்ப்பார். பாராட்ட வேண்டும். பாராட்டாவிட்டால் டிஸ்க் முன்பு எத்தனை மில்லிமீட்டர், இப்போது எத்தனை, காலிப்பர் எந்த வண்டியில் இருந்தது, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் என்ன விலை சொன்னார்கள், புதுப்பேட்டையில் எவ்வளவுக்குப் படிந்தது என்ற விளக்கம் வரும். பாராட்டினாலும் வரும், இன்னும் கொஞ்சம் நீளமாக. கார் என்னவோ 2004-ஆம் ஆண்டு சான்ட்ரோதான். வெளிர்பச்சை உடம்பு, சக்கரத்தின் இடுக்கில் ரத்தச் சிவப்பில் காலிப்பர். இருங்காட்டுக்கோட்டையில் பிறந்து, இன்றுவரை பிறந்த வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலேயே குடியிருக்கும் வண்டி அது.

இந்தச் செயல்விளக்கம் எதை நிரூபிக்கிறது என்று பொறுமையாக யோசித்தால், அவர் பணம் போட்ட எதையும் அது நிரூபிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள பிடிமானம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், காய்ந்த சாலையில், நல்ல டயர் இருந்தால், மிதித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 18 மீட்டரில் நிற்கும். அந்தக் கணக்கில் வேகம் வருகிறது, உராய்வு வருகிறது, புவியீர்ப்பு வருகிறது. டிஸ்க்கின் விட்டம் எங்கேயும் வரவில்லை. ஓங்கி மிதித்தால் சக்கரத்தைப் பூட்டிப்போடும் பலம் ஒரு பிரேக்குக்கு இருந்துவிட்டால் போதும். அதற்கு மேல் ஏற்றும் பலம் எல்லாம் அதே 'கிரீச்'சைக் கொஞ்சம் லேசான மிதியில் எழுப்பும், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த பழைய பிரேக்கே, ஒழுங்காக இருந்தால், அந்தச் சின்ன வண்டியின் சக்கரத்தைப் பூட்டும். ஆனால் ரப்பர் இறுகிப்போய் உராய்வு 0.8-லிருந்து 0.6-க்கு இறங்கினால், அந்த 18 மீட்டர் 24 ஆகிவிடும். கூடுகிற 6 மீட்டர் ஒன்றரை சான்ட்ரோவின் நீளத்துக்கும் அதிகம். டயரின் பக்கவாட்டில் தயாரான வாரத்தையும் ஆண்டையும் நாலு இலக்கத்தில் பொறித்திருப்பார்கள். அவர் டயரில் இருப்பது 2315. அதாவது 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சுட்டிக்காட்டினால் "பட்டன் இன்னும் அப்படியே இருக்கே சார்" என்பார். பட்டன் தேயவில்லைதான், வண்டி ஓடிய நாளைவிட மேம்படுத்தலுக்காக ஜாக்கியில் நின்ற நாள் அதிகம். ஒரகடத்திலேயே அப்போலோ டயர் ஆலை இருக்கிறது. புது டயர் அடுக்கிய லாரிகளுக்குப் பின்னால் தினமும் வேலைக்குப் போகிறவர் அவர்.

"அப்படின்னா ரேஸ்ல ஏன் சார் பெருசா போடறான்?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். அங்கே சுற்றுக்குச் சுற்று அதே வளைவுகளில் அதே முரட்டு மிதி. பிரேக்கின் வேலை ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவது. வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. அத்தனையையும் வாங்கிக்கொள்ளவும், அடுத்த வளைவுக்குள் ஆறவும் இரும்பு அதிகம் வேண்டும். பெரிய டிஸ்க் அதற்குத்தான். அதிகாரபூர்வமான பிரேக் சோதனைகளே குளிர்ந்த பிரேக்குக்கு ஒன்று, திரும்பத் திரும்ப மிதித்துச் சூடேற்றிய பிரேக்குக்கு ஒன்று என்று பிரிந்துதான் இருக்கின்றன. வாகனங்களைச் சோதிக்கவென்றே ஒன்றிய அரசு அமைத்த ஆய்வு மையம் ஒரகடத்தில் இருக்கிறது. அங்கே யாரும் ஒரே ஒரு தடவை மிதித்துவிட்டு விருந்தாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. இவருடைய வண்டியோ ஒரு மிதிக்குப் பிறகு டீக்கடை ஓரமாக நின்றுவிடும். "கொல்லிமலைக்குப் போனா வேணுமே" என்பது அடுத்த வாதம். எழுபது கொண்டை ஊசி வளைவு என்றால் வெப்பம் உண்மையான பிரச்சினைதான், மறுக்க முடியாது. ஆனால் மலையிறக்கத்தில் முதலில் காலை வாருவது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-தான். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரையோடு போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சிவப்புக் காலிப்பருக்கு ஆயில் அனுப்பும் அவருடைய டப்பாவில் இருப்பது கும்பகோணம் டிகாக்ஷன் நிறத்தில் ஒரு திரவம். பானெட்டைத் திறந்து காட்டும்போது அந்த மூலையை மட்டும் உடம்பால் மறைத்துக்கொள்வார்.

சஸ்பென்ஷன் பக்கம் போனால் கதை இன்னும் விசித்திரம். 13 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் போட்டதுதான் தொடக்கம். டயரோடு சேர்த்து மொத்த விட்டம் 7 சதவீதம் கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 64-ல் போகிறது. அதை நிறுத்த ஏறக்குறைய 14 சதவீதம் அதிக சக்தியைக் கரைக்க வேண்டும். பெரிய சக்கரத்தைத் தடுக்கப் பிரேக்குக்கு அதிக முறுக்கும் தேவை. ஆக, அலாய் உண்டாக்கிய குறையைப் போக்கத்தான் டிஸ்க் வந்தது, டிஸ்க் உள்ளே அடங்க அலாய் அவசியமானது என்று இரண்டும் ஒன்றுக்கொன்று ஜாமீன். பிறகு சக்கரத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இடைவெளி அசிங்கமாகத் தெரிகிறதென்று ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினார். வெட்டிய ஸ்பிரிங் விறைக்கும். சாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்குக் கணக்குப் போட்டுச் செய்தது, அதற்கு இந்த விறைப்பை அடக்கத் தெரியாது. சிப்காட் உட்சாலைகளின் வேகத்தடைகளில் வண்டி துள்ளும். துள்ளும் நேரத்தில் டயர் சாலையில் இல்லை. சாலையில் இல்லாத டயருக்கு எத்தனை பெரிய டிஸ்க் வைத்தால் என்ன? நன்றாகப் பிரேக் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் கை வைக்க வேண்டியது லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, கசியும் சாக், டயர் என்ற நாலைந்து சலிப்பூட்டும் சாமான்களில்தான். அவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் அறியாதவரா என்றால், அங்கேதான் எரிச்சல். அவர் வேலை பார்ப்பது உதிரிபாகத் தொழிற்சாலையில், அதுவும் குவாலிட்டி பிரிவில். வார நாட்களில் ஒரு போல்ட்டின் முறுக்கு கொஞ்சம் விலகினால் லைனையே நிறுத்துவார். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயின்ட் புள்ளி இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு குறைக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்டு வேரைப் பிடிக்காமல் சப்ளையரை வீட்டுக்கு அனுப்பமாட்டார். சப்ளையர் கேட்காமல் ஒரு வாஷரை மாற்றிவிட்டால் மெயில் மேல் மெயில் பறக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே மனிதர், கிரைண்டரால் ஸ்பிரிங் வெட்டும் பையனிடம், "ஒரு ஒன்றரை சுத்து எடுத்துடலாமா தம்பி?" என்று கேட்கிறார். தம்பிதான் "ஒண்ணு போதும்ணே" என்று தடுக்கிறான். அந்த வாரத்தில் ஒரே ஒரு 'ஏன்' மிச்சமிருந்து அதைத் தன் காருக்குச் செலவழித்திருந்தால், காலிப்பர் புதுப்பேட்டையிலேயே இருந்திருக்கும்.

அவர் தரப்பிலும் வலுவான ஒரு வாதம் உண்டு. பழைய வண்டி பழைய காலத்துக்காகச் செய்தது. இன்று சாலையும் வேகமும் மாறிவிட்டன. ஏபிஎஸ்கூட 2019 ஏப்ரலில்தான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது. அப்படியிருக்க முன்னேற்ற நினைப்பது தப்பா? தப்பில்லை. ஆனால் ஏபிஎஸ் செய்வது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்வது. இவர் வாங்கியது சீக்கிரம் பூட்டுவதற்கான உபகரணம். திசை நேரெதிர். இருந்தாலும் மனிதரை முழுக்கத் தள்ளவும் மனம் வரவில்லை. புதுக் கார்கள் இரவும் பகலும் டிரெய்லரில் ஏறிப்போகும் இந்தப் பட்டையில், இருபது ஆண்டு வண்டியை விற்காமல் வைத்துக்கொண்டிருப்பதே ஒரு பிடிவாதம். 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகரில் பிறந்த ஐகான் வைத்திருந்த பக்கத்துத் தெருக்காரர் ஓடிவந்தது இவரிடம்தான். எந்த புஷ் எங்கே கிடைக்கும், எதற்கு எது பொருந்தும் என்று அரைமணி நேரம் சொல்லி அனுப்பினார். அவருக்குச் சரியாகத்தான் சொன்னார்.

சட்டம் வேறு இருக்கிறது. உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே 2019-ல்தான் அவருடைய வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, 2024-ல் மறுபடியும். இரண்டு தடவையும் பரணிலிருந்து பழைய சக்கரம், பழைய ஸ்பிரிங், பழைய டிஸ்க் எல்லாம் இறங்கி, வண்டி ஒரே ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டை செய்த சான்ட்ரோவாக ஆர்டிஓ அலுவலகம் போய்வந்தது. அன்று அது வேகத்தடையில் துள்ளவில்லை. வீட்டம்மா அன்றைக்கு மட்டும் முதுகுவலி மாத்திரை போடவில்லை.

கிண்டல் போதும், நேராகவே ஒன்று சொல்லிவிடலாம். ஒரகடம் சாலையில் அவருக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் கன்டெய்னர் லாரி. அதன் காற்று பிரேக் பிடிக்கவே ஒரு கணம் ஆகும், நிற்க இன்னும் நீண்ட தூரம் வேண்டும். இவர் திடீரென்று நின்று காட்டப்போவது அந்த டிரைவருக்கு முன்கூட்டித் தெரியாது. லாரி நிற்காவிட்டால் முதலில் அடிபடுவது பின்சீட்டு. அங்கே உட்கார்ந்திருப்பது அவருடைய அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். பின்சீட்டு பெல்ட் அவர்கள் மேல் இல்லை. ஏனென்றால், லெதர் சீட் கவர் தைத்தபோது பெல்ட்டின் கொக்கி அடியில் மாட்டிக்கொண்டது. வெளியே எடுத்தால் தையல் கெட்டுவிடுமாம். நாலு சக்கரத்தையும் இரண்டு டிஸ்க்கையும் மாற்றியவருக்கு அந்தக் கவரில் ஒரு ஜாண் கிழிக்க மனமில்லை. இப்போது பின்சக்கர டிரம்மை எடுத்துவிட்டு அங்கேயும் டிஸ்க் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.