மொட்டை மாடிப் பட்டதாரி

சென்னையில் தக்காளி விலை நூறு ரூபாயைத் தாண்டும்போதெல்லாம் மாடித் தோட்டக்காரர்கள் கூட்டமாகப் பிறக்கிறார்கள். 2023 ஜூலையில் அப்படி ஒரு பெரும் பிரசவம். கோலார், மதனப்பள்ளிப் பக்கமிருந்து வரும் லோடு குறைந்து, விலை ஏறிக்கொண்டே போய், கடைசியில் அரசே ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியதாயிற்று. மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி ஒருவர், மூன்றாவது நாளாகத் தக்காளி இல்லாத ரசத்தைக் கரண்டியால் துழாவிப் பார்த்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுத் தக்காளிக்கு நான் பொறுப்பு" என்று அறிவித்தார். மனைவி மறுப்பேதும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற கணவர் பகல் முழுக்க மொட்டை மாடியில் இருப்பதில் எந்த மனைவிக்கு ஆட்சேபம் இருக்கும்?

இதில் ஒரு சின்னச் சிக்கல். சந்தையில் தக்காளி ஏன் இல்லையோ, அதே காரணத்துக்காகத்தான் மாடியிலும் இருக்காது. தக்காளிச் செடிக்குப் பகல் வெயில் 35 டிகிரிக்கு மேல் போனாலோ, இரவு புழுக்கம் 24-க்குக் கீழே இறங்காவிட்டாலோ மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பூ பூக்கும், பூத்ததும் காம்போடு உதிரும். ஆவணியில் அதிகாரியின் மாடியில் காலை தோறும் மஞ்சள் பூக்கள் தரையில் கிடந்தன. பூஜைக்குக்கூட ஆகாத பூ.

தொடக்கம் என்னவோ முறையாகத்தான் நடந்தது. தமிழக அரசு 2013-14இலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2021 டிசம்பரில் 900 ரூபாய்த் தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள்: ஆறு பைகள், தலா இரண்டு கிலோவில் ஆறு தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகை விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போ பாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, 100 மில்லி வேப்பெண்ணெய். மேல்மாடி அதிகாரிக்கு, அப்படி ஒரு தொகுப்பை வாங்கி வைத்துவிட்டுப் பிரிக்காமலே விட்டிருந்த மைத்துனர் ஒருவர் இருந்தார். மாடித் தோட்டக்காரர்கள் பலருக்கும் அப்படி ஒரு மைத்துனர் இருப்பார்.

தென்னைநார்க் கழிவுக் கட்டியைத் தண்ணீரில் போட்டவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். செங்கல் அளவு இருப்பது அரைமணி நேரத்தில் வாளியை நிறைத்து வழியும். ஐந்து கிலோக் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதிகாரி முன்ஜாக்கிரதையாகக் கூடுதலாக வாங்கிய இரண்டு ஐந்து கிலோக் கட்டிகளையும் ஒரே நேரத்தில் குளியலறையில் ஊறப் போட்டார். அன்று குடும்பத்தில் யாரும் குளிக்கவில்லை.

கனமில்லாத அந்த நார்க் கழிவை மாடியில் பயன்படுத்தக் காரணம் உண்டு. ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்கு மேல் கனக்கும். முப்பது தொட்டி மண்ணைத் தூக்கி மேலே வைத்தால் ஒரு கல்யாணப் பந்தியையே மொட்டை மாடியில் நிரந்தரமாக உட்கார வைத்த மாதிரி. இந்தக் கணக்கைக் குடியிருப்புச் சங்கச் செயலாளரும் அறிவார். பைகள் வந்த மறுநாளே படியேறி வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, "சார், செடி வைக்கறது நல்ல விஷயம்தான். கீழ ஏதாவது ஒழுகினா மட்டும்..." என்று நிறுத்தினார். சென்னை அடுக்குமாடிகளில் இந்த முடிக்காத வாக்கியத்துக்கு ஒப்பந்தப் பத்திரத்தின் வலு உண்டு. அன்றே பைகளுக்கு அடியில் செங்கல் வைத்து, காற்றோட்டம் விட்டு, வழியும் தண்ணீர் நேராகக் குழாய்க்குப் போக வழி செய்யப்பட்டது. செடிகளுக்கும் அதுவே நல்லது என்பது வேறு விஷயம். வேர் அழுகலுக்கு முதல் காரணம் அடைபட்ட வடிகால் துளைதான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்ன முன்னோர்கள் வயலை மனத்தில் வைத்துச் சொன்னார்கள். மூன்றாவது மாடியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. நாற்றுகள் தலையாட்டி, தலைசாய்ந்து, ஒன்றிரண்டு பறந்தும் போயின. பச்சை நிழல்வலை ஒன்று பக்கத்துக் குடியிருப்பின் துணிக்கொடியில் போய்ச் சிக்கியது; அங்கே காய்ந்துகொண்டிருந்த போர்வை ஒன்று கைதவறி இங்கே வந்து சேர்ந்தது. பண்டமாற்று சுமுகமாக முடிந்தது.

தக்காளி ஏமாற்றினாலும் வெண்டை ஏமாற்றவில்லை. விதைத்து 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கிவிடும். ஆனால் வெண்டைக்குப் பொறுமை கிடையாது. பூத்த ஐந்து, ஆறு நாளில் பறிக்காவிட்டால் நார் ஏறி, கத்தியோடு மல்லுக்கட்டும். அதிகாரி ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் போய்வந்தபோது மாடியில் நின்ற வெண்டைக்காய்கள் விதைக்கு மட்டுமே ஆகிற வயதில் இருந்தன. அப்புறம் வெள்ளை ஈ வந்தது. இலை நரம்புகள் மஞ்சளாயின. தேமல் நோய் பிடித்த செடிக்கு மருந்து இல்லை, பிடுங்க வேண்டியதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. அதிகாரியின் சட்டையும் ஒட்டிக்கொண்டது.

பூச்சிகளிலேயே பெரிய மனுஷன் மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டு இனம் வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டார்கள், அதுதான் அடக்கியது. நம் மாடிக்கு அப்படி யாரும் குளவி அனுப்பி வைப்பதில்லை. எறும்புகள் வேறு மாவுப்பூச்சியை மாடு மாதிரி மேய்த்து, அது சுரக்கும் இனிப்பை உறிஞ்சிக்கொண்டு, எதிரிகளிடமிருந்து காவலும் காக்கும். எறும்புக்கு அங்கே பண்ணை. அதிகாரிக்குத்தான் தோட்டம் இல்லை.

இந்த இடத்தில் எல்லா மாடித் தோட்டக்காரர்களும் இயற்கை வழிக்குத் திரும்புவார்கள். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் செடி தளதளவென்று வரும் என்பதில் வேளாண்மைக்காரர்கள் பலருக்கும் சந்தேகமில்லை. சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஐந்தும் ஊறுகிற நாட்களில் மூன்றாவது மாடிக்கும் முதல் மாடிக்கும் உள்ள உறவு என்னவாகும் என்பதுதான் சந்தேகம். அடுத்த கட்டம் மீன் அமிலம்: மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூன்று வாரம் ஊற வேண்டும். அந்தக் குடியிருப்பில் பாதிப் பேர் சைவம். மாடிக்குப் புதிதாக நான்கு பூனைகள் குடிவந்தன. செயலாளர் இரண்டாம் முறை படியேறினார். இம்முறை வாக்கியத்தை முடித்தார்.

ஐப்பசி மழை கதையை மாற்றியது. சென்னைக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2015 நவம்பரில் ஒரே மாதத்தில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டிக் கொட்டிய ஊர் இது. கோடையெல்லாம் வானத்தைப் பார்த்து ஏங்கிய மனிதர், இப்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பைகளை ஒவ்வொன்றாக மாடிப்படிக் கூரைக்குக் கீழே இழுத்தார். நனைந்த பையின் எடையை முதுகுதான் சரியாகச் சொல்லும். விதைத்திருந்த சிறுகீரை மழையில் அடித்துக்கொண்டு போய் வடிகால் குழாயடியில் அழகாக முளைத்தது. அந்த டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தெருவெல்லாம் தண்ணீர்; காய்கறிக் கடைகள் இரண்டு நாள் திறக்கவில்லை. அப்போதாவது மாடி கைகொடுத்ததா? கொடுத்தது. ஒரு கைப்பிடி பச்சை மிளகாய்.

கொடிகள் விஷயம் தனி. புடலை, பீர்க்கு, பாகல் எல்லாவற்றிலும் முதலில் ஆண்பூக்களே கூட்டமாக வரும். பெண்பூ வந்துவிட்டதா என்று பார்க்க, காம்பில் குட்டிக் காய் இருக்கிறதா என்று தேட வேண்டும். தேனீ எட்டிப் பார்க்காத மூன்றாவது மாடியில் சேர்த்து வைக்க மனிதன்தான் போக வேண்டும். அதிலும் ஷிஃப்ட் முறை. பாகல் விடியலில் விரியும், பீர்க்கு சாயங்காலம், புடலையோ இருட்டிய பிறகு வெள்ளைப் பூவை நூல் நூலாக விரிக்கும். இரவு எட்டரை மணிக்குக் கைபேசி வெளிச்சத்தில், கையில் ஓவியத் தூரிகையோடு பந்தலுக்குள் குனிந்திருந்த அதிகாரியைக் கீழே இருந்து வாட்ச்மேன் பார்த்தார்.

"மேல யாரு சார் அது?"

"நான்தான்ப்பா. பூவுக்கு மகரந்தம் வைக்கறேன்."

வாட்ச்மேன் கொஞ்ச நேரம் யோசித்தார். "அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

தெரியும். புடலையின் நுனியில் நேராக வளர்வதற்காகக் கட்டிய கல், அம்மாவின் பூஜை அறையிலிருந்து காணாமல் போன சாளக்கிராமம்தானா என்று சோதிக்கவே அவர் மறுநாள் மாடி ஏறினார். இல்லை, சாதாரணக் கூழாங்கல்தான். ஏறி வந்தவர் அப்படியே அவரைப் பந்தலைப் பார்த்து நின்றுவிட்டார். ஆடியில் போட்ட கொடி அவரை, புரட்டாசி, ஐப்பசியெல்லாம் இலையாகவே பெருத்து, "இது வெறும் அழகுக்கொடிதான்" என்ற பெயரை வாங்கியிருந்தது. பகல் குறுகிப் பனி விழும் காலம் வராமல் அது பூக்காது. எந்த உரமும் அதை அவசரப்படுத்தாது. மார்கழியில் ஊதாப் பூக்கள் சரம் சரமாக வந்தன.

தையில் எல்லாம் ஒரே நேரத்தில் காய்த்தது. உதிர்ந்துகொண்டே இருந்த தக்காளிகூட இரவு குளிர்ந்ததும் காய் பிடித்துப் பழுத்தது. பழுக்கும் நாளை அணில் முன்கூட்டியே அறிந்துவைத்திருந்து, ஒவ்வொரு பழத்திலும் ஒரு கடி கடித்துச் சான்றிதழ் வழங்கியது போக மீதி வீட்டுக்கு. இங்கேதான் கணக்கு அதிகாரிக்குச் சோதனை. தை, மாசியில் வரத்து பெருகும்போது கோயம்பேட்டிலும் தக்காளி இருபது ரூபாய்க்கு இறங்கிவிடும். நூற்றைம்பது விற்றபோது மாடியில் பூ. மாடியில் பழம் வரும்போது தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவிக்கூவி அழைக்கிறார். பை, நார்க் கழிவு, மண்புழு உரம், நிழல்வலை, வேப்பெண்ணெய், எலும்பு மருத்துவரின் கட்டணம் என்று பேரேட்டில் அவர் எழுதிவைத்த தொகையை விளைச்சலால் வகுத்துப் பார்த்தார். விடையை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்ததாக மனைவி சொல்கிறார்.

அப்புறம் சித்திரை. மொட்டை மாடித் தளம் காலைச் சுடும்போது பைக்குள் வேர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலை, மாலை இரண்டு வேளை தண்ணீர். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு லாரித் தண்ணீருக்கு ஊரே காத்திருந்தபோது, பழைய தோட்டக்காரர்கள் அரிசி கழுவிய நீரையும் ஏ.சி. சொட்டும் நீரையும் சேர்த்து வைத்துச் செடிகளைக் காப்பாற்றினார்கள். ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றியவர்களின் பைகளில் வெள்ளையாய் உப்புப் படிந்தது. நம் அதிகாரியும் ஏ.சி. குழாயடியில் வாளி வைத்தார். வாளி சீக்கிரம் நிறைய வேண்டுமே என்று பகலிலும் ஏ.சி. ஓடியது. மின்கட்டணம் பேரேட்டில் ஏறவில்லை.

கத்திரி வெயிலில் எல்லாம் வாடி, ஒன்றே ஒன்று மட்டும் நிமிர்ந்து நின்றது: கொத்தவரை. வெயிலும் வறட்சியும் அதற்குப் பொருட்டே இல்லை. கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அந்த வீட்டில் கொத்தவரங்காயை யாரும் சாப்பிடுவதில்லை. முதல் வாரம் பருப்பு உசிலி. இரண்டாம் வாரம் மகன் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே சாப்பிட்டான். மூன்றாம் வாரம் மோரில் ஊறவைத்து அதே மாடி வெயிலில் வற்றல் போட்டார்கள். இப்போதெல்லாம் எதிர்வீட்டு அம்மாள் அழைப்பு மணி அடித்ததும் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து, "கையில என்ன சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாளை நீக்குகிறார்.