எஸ்.பி. ரோடு கீறலியல்: ஒரு முன்னுரை

மதர்போர்டின் மேல் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் போடும் கோடு ஆராய்ச்சிக்கு உரிய பொருள் அன்று எனச் சான்றோர் ஒதுக்கிவிட்டனர். அதனால் துறை அனாதையாகக் கிடக்கிறது. பெங்களூரில் இதற்கென இருக்கும் ஒரே கழகம் சாதர் பத்ரப்பா ரோடு. உலக வழக்கில் எஸ்.பி. ரோடு. டவுன்ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் அருகே, ராம் முதல் ரெசிஸ்டர் வரை கணினியின் எந்த உறுப்பையும் தனித்தனியே விற்கும் தெரு. இடத்தேர்வு தற்செயல் அன்று என வாதிட இடமுண்டு. 1905-இல் நகரத்தின் முதல் மின்விளக்குகள் எரிந்தது அந்த மார்க்கெட் பகுதியில்தான். சிவசமுத்திரத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்த மின்சாரம் அடுத்து எந்தச் சந்துக்குள் திரும்ப வேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் கொஞ்சம் காலமாயிற்று.

முதலில் உடற்கூறு. போர்டு என்பது கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சேர்ந்த பலகை; பெரும்பாலும் 1.6 மில்லிமீட்டர் தடிமன். அதன்மேல் ட்ராக் எனப்படும் செம்புக் கோடுகள். வழக்கமான செம்பின் தடிமன் 35 மைக்ரான், தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பாதி. அதற்கும் மேலே பச்சைப் பூச்சு. இந்தப் பச்சைக்கு வேலை இரண்டு: சால்டர் பக்கத்துக் கோட்டுக்கு ஒழுகாமல் தடுப்பது, செம்பு காற்றுப்பட்டுக் கருக்காமல் காப்பது. மின்சாரம் போய்வருவதில் அதற்குப் பங்கு ஏதுமில்லை. அச்சிட்ட மின்சுற்றுக்கு 1943-இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த பால் ஐஸ்லர், வியன்னாவில் பிறந்து லண்டனில் குடியேறியவர், செம்புக் கோட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டார். பச்சையைப் பற்றிக் கவலைப்படுவது நாம்.

கீறல் மூவகைப்படும். பச்சை வெளுத்தது ஒன்று. பச்சை உரிந்து செம்பு மின்னுவது இரண்டு. செம்பே அறுந்தது மூன்று; இதற்குத் தெருவழக்கு ‘ட்ராக் கட்’. முதலிரண்டையும் கடைக்காரர் ஜன்னல் பக்கம் சாய்த்து ஒரு நொடி பார்த்து, ‘ஏனூ ஆகல்லா’ என்பார். ஒன்றும் ஆகாது என்பது பொருள். கொண்டுவந்தவருக்குக் கோபம் வரும்; இரவெல்லாம் தூங்காமல் வந்த நோயாளியிடம் மருத்துவர் நோயே இல்லை என்றால் யாருக்குத்தான் வராது? ஆனால் தீர்ப்பு சரி. ஐயம் தீராதவர்க்கு மல்டிமீட்டர் உண்டு. மின்இணைப்பை எடுத்து, போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியையும் கழற்றிவிட்டு, கீறலுக்கு இருபுறமும் ஊசிகளை வைத்தால் ‘பீப்’ வரும். வந்தால் கோடு உயிரோடிருக்கிறது. இதற்குமேல் சான்று கேட்பவர் தத்துவவாதி, அவரை எஸ்.பி. ரோட்டில் யாரும் உட்காரச் சொல்வதில்லை.

மூன்றாவது வகையில் கை வைப்பவர் கலைஞர். பிளேடால் பச்சையை இருமுனையிலும் மெல்லச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, செம்பில் சால்டர் பூசி, முடிபோன்ற எனாமல் கம்பியால் ‘ஜம்பர்’ அடிப்பார். நினைவகத்துக்குப் போகும் கோடுகள் நெளிநெளியாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு அன்று; எல்லாக் கோட்டிலும் சமிக்ஞை ஒரே நேரத்தில் போய்ச் சேர நீளத்தைச் சமன்செய்யும் வழி. அங்கே அறுந்ததைக் குறுக்கே கம்பி போட்டு இணைத்தால் பீப் வரும், கணினி வராமலும் போகலாம். பலகையின் உள்ளடுக்குகளில் ஓடும் கோடு அறுந்திருந்தால் கலைஞரும் கையை விரிப்பார்.

இனி, அறிஞர் உலகைப் பிளந்து நிற்கும் வினா: மின்னும் செம்பை எதைக் கொண்டு மூடுவது? பழைய மரபினர் நகப்பூச்சுக்காரர். நகப்பூச்சில் படலமாகும் பொருள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். கரைப்பான் ஆவியாகப் பறந்ததும் மெல்லிய, மின்கடத்தாத படலம் தங்கும். இம்மரபின் தோற்றத்துக்குப் புவியியலே காரணம் என்பது எமது துணிபு. எஸ்.பி. ரோட்டிலிருந்து சிக்பேட் நடந்துபோகும் தூரம். வளையலும் பொட்டும் நகப்பூச்சும் மொத்தமாகக் கிடைக்கும் வட்டாரம் அது. புதிய மரபினர் புற ஊதா ஒளிபட்டு இறுகும் பச்சைப் பூச்சைச் சிரிஞ்சில் வைத்திருப்பார்கள். துளி விட்டு டார்ச் அடித்தால் இறுகிவிடும். ஐபிசி என்னும் உலகத் தரநிர்ணய அமைப்பு போர்டைப் பழுதுபார்க்கவே 7721 என எண்ணிட்டு ஒரு நூல் வகுத்திருக்கிறது. சிரிஞ்சுக்காரர்கள் அதைச் சுட்டி நகப்பூச்சுக்காரர்களை நாட்டு வைத்தியர் என்பார்கள்.

தடுக்கும் வேலையைச் சிறு கீறலளவில் இரண்டுமே செய்யும். அப்படியானால் சண்டை எதற்கு? நிறத்துக்கு. உரிமையாளர் வேண்டுவது பச்சைமேல் பச்சை. உத்தரவாதக் காலத்தில் சர்வீஸ் சென்டரில் போர்டைத் திருப்பிப் பார்க்கும் கண், கீறலைக் கண்டால் ‘ஃபிசிக்கல் டேமேஜ்’ என எழுதிவிடும் என்பது அவர் அச்சம். செம்புக்கு ஆபத்தில்லாத கீறல் ரசீதுக்கு ஆபத்தாகிறது. மின்னியலில் தொடங்கிய பொருள் இவ்வாறு ஒப்பந்தச் சட்டத்துக்குள் நுழைகிறது. பழைய ஆசான்கள் வேண்டுமென்றே சிவப்பு பூசுவார்கள். நாளை வேறொருவர் திறந்தால் எங்கே கை பட்டது என்று தெரிய வேண்டுமாம். எம் வாக்கு சிவப்புக்கே. வாடிக்கையாளர் வாக்கு எப்போதும் பச்சைக்கே விழுகிறது.

கேமிங் போர்டுகள் கரிய நிறத்தில் வருவதால் இரு கட்சிகளும் திகைத்து நிற்கின்றன. கருப்பு நகப்பூச்சே தீர்வு என ஓர் இளைஞர் பிரிவு கிளம்பியிருக்கிறது. இங்கே எச்சரிக்கை தேவை. கருப்புக்கு நிறம் தரும் கரித்தூள் மின்கடத்தும் இனம், மினுக்குப் பூச்சில் உலோகத் துகளும் இருக்கலாம். ஆகவே ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் காயவிட்டு இரு ஊசிகளாலும் தொட்டுப் பார்க்கவும். பீப் வந்தால் அந்தப் புட்டி விரலுக்கு ஆகும், போர்டுக்கு ஆகாது.